பெட்டியின் அடியில் ஒரு கூறைப் புடவை

போன மாதம் என் பெண் ஆபீசுக்குக் கிளம்பி நின்றாள். உடம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரண காட்டன் புடவை. ரவிக்கையின் கை ஓரத்தில் மட்டும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு அரக்குப் பட்டும் ஜரிகையும். லிப்டில் பார்த்த இரண்டு பேர், "எந்தக் கடையில் வாங்கினீங்க?" என்று கேட்டார்களாம். கடையாவது! 1958-ல் என் மாமியார் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த கூறைப் புடவை அது.

சகோதரிகளே, இதைப் பெருமையாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை. 1994-ல், என் அம்மா போன மறு வருஷம், அவளுடைய பட்டுப் புடவை ஒன்று மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போய்விட்டதே என்று, பழைய ஜரிகை வாங்குகிறவரிடம் போட்டேன். அந்தக் காலத்துக் காஞ்சிபுரம் ஜரிகை என்றால் சிவப்புப் பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. எரித்தால் வெள்ளி மிஞ்சும். என் எதிரிலேயே பார்டரைக் கிழித்துக் கொளுத்தினார்கள். முடி பொசுங்குகிற நாற்றம். வந்த பணத்தில் ஒரு குக்கர் வாங்கினேன். குக்கரும் எப்போதோ போய்விட்டது. அம்மா புடவையின் பார்டரில் இருந்தது மயில்கண்ணா, ருத்ராட்சமா? எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

அதனால்தான் மாமியாரின் ஒன்பது கஜம் அதே கதிக்கு வந்தபோது எனக்குப் பகீரென்றது. கட்ட முடியாது, தொட்டால் பிரிகிறது. "பார்டரை மட்டும் எடுத்து ரவிக்கைக்கு வெச்சுத் தைக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். "கூறைப் புடவைல கத்திரி வைக்கறதாவது!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாள் அந்தப் பேச்சே இல்லை. நாலாம் நாள் அவரே கூப்பிட்டு, "ரெண்டு கஜம் தனியா எடுத்து வை. நான் போறப்போ மேல போட வேணும். மிச்சத்தை நீ வெட்டிக்கோ" என்றார். அந்த இரண்டு கஜத்தைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி முதலில் வைத்துவிட்டுத்தான் கத்திரியைக் கையில் எடுத்தேன். கை நடுங்கிற்று.

மிச்சம் ஏழு கஜம், இரண்டு பக்கமும் பார்டர், பதினாலு கஜம் தேறும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். இற்ற இடங்களைக் கழித்தால் ஆறு கஜம்தான் நின்றது. மடிப்பு விழுந்த இடத்தில் வெட்டாதீர்கள், அங்கேதான் இழை முதலில் போகும். நல்ல துண்டாக எடுத்து, அடியில் மெல்லிய மல் துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்து இழை ஓட்டிக்கொள்ளுங்கள். பழைய பட்டு மெஷின் ஊசி தாங்காது, கையால்தான் தைக்க வேண்டும். ரவிக்கைத் துணியை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திவிடுங்கள். நான் சோம்பல்பட்டு அப்படியே தைத்த முதல் ரவிக்கை, ஒரே சலவையில் காட்டன் சுருங்கி, பார்டர் அப்பளம் பொரிந்த மாதிரி மேலே எழும்பிக்கொண்டது! இப்போது பெரிய தையலாகப் போட்டுவிடுகிறேன். சலவைக்குப் போடும் முன் பிரித்தெடுத்து, அப்புறம் வைத்துத் தைக்கப் பத்து நிமிஷம் போதும்.

வியர்வையும் சென்ட்டும் பட்டால் ஜரிகை கறுக்கும். ஆகவே அக்குள் பக்கம் வேண்டாம், முழங்கை வரை வரும் கையின் ஓரம்தான் சரியான இடம். இஸ்திரி போடும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள், தோளிலும் கழுத்திலும் ஜரிகை வைக்கவே வேண்டாம். குழந்தை கன்னத்தில் கீறும், வாயில் வேறு வைத்துச் சப்பும். குழந்தைக்குப் பாட்டி புடவையில் பாவாடை தைத்தே தீருவேன் என்றால், இடுப்புப் பட்டிக்குப் பழகின பருத்தித் துணி கொடுங்கள், ஜரிகை கீழ் ஓரத்தோடு நிற்கட்டும்.

பட்டுப் புடவை இல்லாத வீட்டில் என்ன செய்வது என்கிறீர்களா? 1940களில் எடுத்த குடும்பப் போட்டோ எங்கேயாவது மாட்டியிருந்தால் கிட்டே போய்ப் பாருங்கள். பஃப் கை ரவிக்கை, கழுத்தோரம் லேஸ், தோள் தலைப்பில் ஒரு ப்ரூச். இன்றைக்குச் சேப்டி பின் குத்துகிற அதே இடத்தில் அந்த ப்ரூச்சைக் குத்திப் பாருங்கள், சாதாரணப் புடவை எப்படி எடுத்துக் கொடுக்கிறது! சல்வார் கமீஸ் போடுகிறவர்கள் பழைய கெம்புத் தோட்டை மட்டும் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் ஒன்று. ப்ரூச், பஃப் கை, அட்டிகை, குஞ்சலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டால் பள்ளிக்கூடத்து மாறுவேஷப் போட்டி ஆகிவிடும். என் ஓர்ப்படி ஒரு கல்யாணத்துக்கு அப்படி வந்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் பட்டை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், ரசகற்பூர உருண்டை ஜரிகையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் புடவைக்கு இதையெல்லாம் நான் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் பெண் திரும்பி வந்ததும் நேரே பாட்டியிடம் போய்க் கையை நீட்டினாள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்டரை விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கை இறுக்கமா இருக்கே, கொஞ்சம் பிரிச்சு விடு" என்றார்.