மருந்து ஒத்துவரவில்லையா?

சகோதரிகளே, எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கண்டதும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நோயாளி யாராக இருந்தாலும் அவருக்குக் கஞ்சி காய்ச்சுவதும், நேரத்துக்குக் குளிசை எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம்.

நோய் முற்றிய நிலையில் ஒருவர் வைத்தியசாலைக்குப் போகிறார். கசநோயும் கூடவே இருக்கிறது. முதலில் அதற்கு மருந்து கொடுக்கிறார்கள். காய்ச்சல் விடுகிறது, வாய்க்கு ருசியாகச் சாப்பிடவும் தொடங்குகிறார். பின்னர் எச்.ஐ.வி. குளிசை ஆரம்பமாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் காய்ச்சல்! கழுத்தில் நெறி கட்டி வீங்குகிறது, இருமல் கூடுகிறது. "இந்த மருந்து இவருக்கு ஒத்துவரவில்லை" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். குளிசை அலுமாரிக்குள் போய்விடுகிறது.

அநேகமாக அந்த மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமே அது. எச்.ஐ.வி. கிருமி, சீ.டீ.4 எனப்படும் வெள்ளணுக்களை அழிக்கிறது. ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டியவை 50க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. காவலாளி இல்லாத வீட்டில் கள்வன் சத்தமின்றித் தங்கியிருப்பதுபோல, கசநோய்க் கிருமி உடம்பில் நிறைந்திருந்தும் அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் கிருமியை எதிர்த்து நம் உடம்பே செய்பவை அல்லவா? குளிசையால் எதிர்ப்புச் சக்தி திரும்பியதும், உயிருள்ள கிருமிகளை மட்டுமல்ல, செத்தவற்றின் மிச்சத்தையும் கண்டு உடம்பு அளவுக்கு மீறிப் பாய்கிறது. இதை வைத்தியர்கள் 'ஐரிஸ்' என்பார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். அதுவரை வெளியே தெரியாதிருந்த கசநோய் இப்படித்தான் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் உண்டு.

அப்படியானால் எச்.ஐ.வி. குளிசையைப் பிந்தித் தொடங்கலாமே என்று கேட்பீர்கள். கம்போடியாவில் இரண்டு நோயும் உள்ள 661 பேரிடம் இதைப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. கசநோய் மருந்து தொடங்கி 2 வாரத்தில் எச்.ஐ.வி. குளிசை பெற்றவர்களுக்கு, 8 வாரம் காத்திருந்தவர்களைவிட ஐரிஸ் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வந்தது. ஆனால் இறந்தவர்களோ, காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 27. முந்தித் தொடங்கியவர்களில் 18. தொல்லை கூடியது, உயிர்ச்சேதம் குறைந்தது.

மூளையைச் சுற்றியுள்ள மென்சவ்வைத் தாக்கும் கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசு நோயில் மட்டும் கதை நேர்மாறு. உகண்டாவிலும் தென்னாபிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், உடனே தொடங்கியவர்களில் நூற்றுக்கு 45 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். சுமார் ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30 பேர். எனவே, "கொஞ்சம் பொறுத்துத் தருகிறேன்" என்று வைத்தியர் சொன்னால் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஐரிஸுக்கு வைத்தியம் உண்டு. கேப் டவுனில், வரக்கூடிய ஆபத்து அதிகமுள்ள 240 கசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் பிரெட்னிசோன் கொடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 47 பேருக்கு வந்தது 33 ஆகக் குறைந்ததாக 2018இல் அறிவித்தார்கள். அதற்காக ஸ்டெரொயிட் குளிசையை நீங்களாகவே பாமசியில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மருந்துக்கு அடங்காத கசநோயாலும் இதே காய்ச்சல் வரும். பிரித்தறிவது வைத்தியரின் வேலை.

கடும் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் கண்டால் விடியும்வரை பார்த்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி, காய்ச்சலோ நெறியோ கண்டால் குளிசையை நிறுத்தாமல், அடுத்த தவணைத் திகதிக்கும் காத்திராமல் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். நோயாளியின் கோப்பையைத் தனியாக ஒதுக்கி வைப்பதில் பயனில்லை. கசநோய் காற்றில் பரவுவதால் யன்னலைத் திறந்து வைப்பதில் பயனுண்டு. போகும்போது எல்லாக் குளிசைப் போத்தல்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஏதும் வேளை தவறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.