கிணற்றுக்குள் ஒரு காற்றாடி

கடல்மேடையில் வேலை பார்க்கும் மகன், "எண்ணெய்க் கிணற்றுக்குள் காற்றாடி விடுகிறோம்" என்று சொன்னானாம். "கேலி செய்கிறானா, வாத்தியாரய்யா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தாய்.

இல்லையம்மா. பட்டம் அல்ல, சுழலும் காற்றாடி. பையன் உண்மையைத்தான் சொல்கிறான்.

மீரியில் 1910இல் தோண்டிய நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு ஏறக்குறைய 130 மீட்டர் ஆழந்தான். 1972 வரை அது உழைத்தது. இன்றைய கடல் கிணறுகளோ கிலோமீட்டர் கணக்கில் இறங்குகின்றன. வழியில் பாறை அடுக்குகள் பல. எண்ணெய் உள்ள அடுக்குகளுக்கு நேரே இரும்புக் குழாயில் துளை போட்டிருப்பார்கள். நாளடைவில் அவற்றில் ஏதோ ஒன்று உப்புநீரைக் கக்கத் தொடங்கும். எல்லாம் கலந்து ஒரே குழாயில் மேலே வரும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொட்டகையில் மெட்ரோலேக்கை மிதக்கவிட்டால் பாலில் தண்ணீர் மிகுதி என்று தெரியும். ஆனால் எந்த மரத்து மங்கில் மழைநீர் விழுந்தது என்று அது சொல்லுமா? மரத்தடிக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும். கிணற்றுக்குள் மனிதன் போகமுடியாது, கருவி போகிறது.

கம்பி வடத்தில் இறக்கும் அந்தக் கருவியில்தான் காற்றாடி இருக்கிறது. ஓட்டம் விரைந்தால் அதுவும் விரைந்து சுழலும். ஓர் அடுக்குக்குக் கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் சுழன்றால், அந்த வித்தியாசம் அந்த அடுக்கு தந்தது. கருவியும் நகர்கிறதே என்பீர்கள். அதனால்தான் பல வேகங்களில் ஏற்றி இறக்கிப் பார்த்து, அதன் வேகத்தைக் கணக்கில் நீக்குகிறார்கள்.

வருவது எண்ணெயா நீரா என்று காற்றாடிக்குத் தெரியாது. அதற்கு அடர்த்தி பார்க்கும் கருவி கூடவே போகும். வெப்பமானியும் போகும். எரிவாயு புகும் இடம் பெரும்பாலும் குளிர்ந்து காட்டும். குழாய்க்கு வெளியே சிமெண்டு வெடிப்பில் ஓடும் கள்ள ஓட்டத்தைக் காற்றாடி காணாது, வெப்பமானி காட்டிக்கொடுக்கும். எனக்கென்னவோ இந்த வெப்பமானிதான் கெட்டிக்காரனாகத் தோன்றுகிறது!

நீர் வரும் அடுக்கு தெரிந்தால் அதை மட்டும் அடைத்துவிடலாம். கணக்குத் தப்பி வேறோர் அடுக்கை அடைத்தால், நல்ல எண்ணெய் நின்றுபோகும். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

சாய்வாகத் தோண்டிய கிணற்றில் எண்ணெய் குழாயின் மேற்பக்கமும் நீர் அடிப்பக்கமுமாக ஓடும். அங்கே ஒற்றைக் காற்றாடி ஏமாந்துவிடும். குழாயின் குறுக்கே பல சிறு காற்றாடிகளை விரிக்கும் கருவிகள் அதற்கென்றே உண்டு. மகன் இறக்குவது எந்த வகை என்று அடுத்த விடுமுறையில் கேட்டுப் பாருங்கள், அம்மா.