80 சதவீதம் சார்ஜ் இருந்தும் வண்டி ஏன் நின்றது?

பதிவு கொஞ்சம் நீளம். மின்சார கார் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் பொறியியல் படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, 34 வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கார் எங்கள் பையன் வாங்கிக் கொடுத்தது. நல்ல வண்டிதான். நான் மின்சார காருக்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு நாள், டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்னப் பெட்டி எரிந்தது. பெட்டிக்குள் ஒரு பக்கம் கூட்டல் குறி, ஒரு பக்கம் கழித்தல் குறி. கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "சார்ஜ் எவ்வளவு காட்டுதும்மா?" என்றார் ஒரு தம்பி. "எண்பது" என்றேன். "அப்புறம் என்னம்மா பயம்? தாராளமா ஓட்டுங்க" என்றார். நம்பினேன்.

அதற்குப் பிறகு மகள் வீட்டுக்கு ரயிலில் போய்விட்டோம். 11 நாள் கார் வீட்டிலேயே நின்றது. திரும்பி வந்த மறுநாள் என் கணவருக்கு மதுரையில் கண் அறுவை சிகிச்சை. விடியற்காலை ஐந்து மணிக்கு இருவரும் குளித்துத் தயாராகி காரிடம் போனால், கதவே திறக்கவில்லை. சாவியை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தம் இல்லை. இருட்டில் அவரைக் கைப்பிடித்து நடத்தி, ஆட்டோ பிடித்து, பஸ் ஏறி, டோக்கன் நேரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். அந்த நாள் போயிற்று. வேறு தேதி கொடுத்தார்கள்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "நீங்க சார்ஜ் போட மறந்திருப்பீங்க டீச்சரம்மா. வயசானவங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டம்தான்." கோபம் எனக்கு அங்கேதான் வந்தது.

கடைசியில் வந்து பார்த்தது எங்கள் தெருமுனை பேட்டரிக் கடைக்காரன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவி எடுத்து, கதவைத் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்தான். 9.4 வோல்ட். "பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கு டீச்சர். பன்னெண்டு வோல்ட்டு பேட்டரிதான் படுத்துருச்சு" என்றான். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் வண்டி கண் விழித்தது. திரையில் சார்ஜ் 78 சதவீதம்!

அவன் சொல்லித் தந்த பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். மின்சார காரில் பேட்டரி ஒன்று அல்ல, இரண்டு. வண்டியை ஓட்டுவது பெரியது. பல கார்களில் முந்நூறு, நானூறு வோல்ட். இன்னொன்று பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, விளக்கு, திரை, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்தச் சின்னதில்தான் ஓடுகின்றன. பாதுகாப்புக்காகப் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டித்தே வைத்திருப்பார்கள். அதை இணைக்கும் சுவிட்சுக்கும் சின்ன பேட்டரிதான் மின்சாரம் தர வேண்டும். சின்னது செத்தால் பெரியதில் நூறு சதவீதம் இருந்தும் பயன் இல்லை. வீடு நிறைய நெல் இருக்கிறது, பூட்டின் சாவி கிணற்றில் கிடக்கிறது என்ற கதைதான்.

"பெட்ரோல் காரிலும் பேட்டரி போகுமே" என்று சிலர் கிளம்புவீர்கள். போகும். ஆனால் அங்கே ஸ்டார்ட்டர் மோட்டார் நிறைய மின்சாரம் இழுப்பதால், பேட்டரி பலவீனமானால் காலையில் வண்டி முனகும். அந்த முனகலே எச்சரிக்கை. பழைய கியர் வண்டி என்றால் நாலு பேர் தள்ளியாவது கிளப்பலாம். மின்சார காரில் அந்த மோட்டாரே கிடையாது. நேற்று வரை சிரித்த முகம், இன்று பேச்சு மூச்சில்லை. தள்ளியும் கிளப்ப முடியாது.

அப்படியானால் அந்த எச்சரிக்கை விளக்கு எவ்வளவு தெளிவாகப் பேச வேண்டும்? அந்தச் சிவப்புப் பெட்டி சொல்வது சின்ன பேட்டரியின் மின்சாரத்தைப் பற்றி. பக்கத்திலேயே 80 சதவீதம் என்று பெரிய பேட்டரியின் கணக்கு. எது எதைப் பற்றியது என்று யாருக்குப் புரியும்? வோல்டேஜ் இறங்கினால் பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் என்று சம்பந்தமில்லாத விளக்குகளும் கோயில் திருவிழா சீரியல் பல்பு போல எரியலாம். பிள்ளையின் நோட்டில் பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, எது தப்பு என்று எழுதாத வாத்தியாரை என்னவென்று சொல்வது? நான் அப்படித் திருத்தியிருந்தால் தலைமை ஆசிரியர் விட்டிருப்பாரா?

இது என் ஒருத்தியின் புலம்பல் அல்ல. 2024இல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களையும், கியா நிறுவனம் 1,138 இவி6 கார்களையும் திரும்ப அழைத்தன. சின்ன பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் பகுதியில் கோளாறு வந்து, அந்த பேட்டரி இறங்கிவிடலாம் என்பதே காரணம். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி விசாரணை தொடங்கியது. கதவுப் பூட்டுக்குப் போதிய வோல்டேஜ் போகாமல் வெளியிலிருந்து கதவு திறக்கவில்லை என்பது புகார். உள்ளே பிள்ளைகள் மாட்டிக்கொண்டு, கண்ணாடியை உடைத்துத் திறந்த பெற்றோரும் உண்டு. புகார் கொடுத்தவர்களில் ஒருவரும் முன்கூட்டி எச்சரிக்கை வந்ததாகச் சொல்லவில்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் இதை நினைத்துப் பாருங்கள்.

என் கேள்விகள் இவைதான்.

1. ஷோரூமில் ஒரு மணி நேரம் கூரைக் கண்ணாடியையும் பாட்டுப் பெட்டியையும் காட்டுகிறீர்கள். இரண்டாவது பேட்டரி எங்கே இருக்கிறது என்று காட்ட இரண்டு நிமிஷம் கிடையாதா?

2. அத்தனை பெரிய திரையில் சின்ன பேட்டரியின் வோல்டேஜை ஒரு ஓரத்தில் காட்டினால் என்ன குறைந்துவிடும்? ஓய்வில் 12.6 இருந்தால் நலம், 12க்குக் கீழே போனால் ஆபத்து. இதைப் படிக்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

3. பெரிய பேட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம் என்று விளம்பரம். சின்னதற்கு எவ்வளவு என்பதை ஏன் பொடி எழுத்தில் போடுகிறீர்கள்?

4. போனை எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தீர்களா? அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குப் பாடம் நடத்தாதவர்கள் மேல்தான் கோபம்.

"அப்பவே சொன்னேனே, கரண்ட் வண்டி வேண்டாம்னு" என்று வரும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சில ஆயிரம் ரூபாய் பேட்டரியை நேரத்தில் மாற்றியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். குற்றம் மின்சாரத்தின் மேல் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டவர்கள் மேல்தான்.

கார் வைத்திருப்பவர்கள் நாளைக்கே செய்ய வேண்டியது: சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து பழகுங்கள். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் சின்ன பேட்டரியைச் சோதித்து வோல்டேஜை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போதும் ஓடும் டேஷ்கேம் வேண்டாம். ஊருக்குப் போகுமுன் வண்டியை எப்படி நிறுத்தி வைப்பது என்று கையேட்டில் பாருங்கள். ஆரஞ்சு நிறக் கேபிளை மட்டும் யாரும் தொடக் கூடாது. அது உயர் அழுத்த மின்சாரம்.

என் கணவருக்குப் போன வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதே காரில்தான் போனோம்.

வேண்டியவர்களுக்குப் பகிருங்கள். என்னோடு சண்டை போட வருகிறவர்கள், முதலில் கீழே இறங்கிப் போய்த் தங்கள் வண்டியில் சின்ன பேட்டரி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவும்.