விபத்தாக இருந்தால் மட்டும்

காலை பத்து மணிக்கே பில் தயார் என்றார்கள். மருத்துவமனையை விட்டு வெளியே வர மாலை நாலு ஆயிற்று. நடுவில் இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்: "மேடம், கீழ ஏதும் விழுந்தீங்களா? வண்டில போறப்ப அடி கிடி?"

ஒன்பதாவது வாரம். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லி, டி அண்ட் சி செய்து கர்ப்பப்பையைச் சுத்தப்படுத்தியிருந்தார்கள். இரண்டாவது முறை. அவளும் என்மேல் பழி போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஊரே கேட்கிற கேள்வியாயிற்றே: ஸ்கூட்டி ஓட்டினியா, பப்பாளி தின்னியா. வீட்டுக்கு வந்து பாலிசியைப் புரட்டியபோதுதான், பாவம், அவள் எனக்கு உதவப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல், பணம் தர வேண்டாத விலக்குகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண்களைக் கொடுத்தது. 17: குழந்தையின்மை. ஐ.வி.எஃப்., இக்ஸி, வாடகைத்தாய் எல்லாம் அதற்குள். 18: பேறுகாலம். கருச்சிதைவும் அதில்தான், பக்கத்திலேயே ஓர் அடைப்புக்குறி, 'விபத்தால் நேர்ந்தது தவிர'. பேறுகாலத்துக்கென்று தனியாகக் காப்பு வாங்கலாம், ஆனால் வாங்கிவிட்டுப் பெரும்பாலும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் எங்களுக்கு அது தோன்றவில்லை. முதல் மூன்று மாதங்களில் கலைகிற கருக்களில் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். என் உடம்பு செய்த தவறு அல்ல என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்ன அதே விஷயத்துக்காகத்தான் கிளெய்ம் தள்ளுபடி ஆனது. ஸ்கூட்டியிலிருந்து விழுந்திருந்தால் பணம் வந்திருக்கும்.

அடுத்த மாதம் நானும் கணவரும் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் ஐ.வி.எஃப். பேக்கேஜ் அட்டை மேசைக்கு வந்துவிட்டது. 1,80,000 ரூபாய். ஊசி மருந்து தனி. கருவின் குரோமோசோமைப் பார்க்கும் சோதனைக்கு ஒவ்வொரு கருவுக்கும் தனிக் கட்டணம். மிஞ்சும் கருவை உறைய வைத்தால் வருட வாடகை. "இ.எம்.ஐ. இருக்கு சார்" என்றார்கள், என்னிடம் இல்லை, அவரிடம். இது தெரிந்ததும் அத்தை பீரோவைத் திறந்து, என் வளைகாப்புக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு தங்க வளையல்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதுக்குத்தானே வாங்கினேன், எப்ப போனா என்ன?"

அந்த வளையல்களைக் காப்பாற்றியது வேறொரு வயதான மகப்பேறு மருத்துவர். "உனக்குக் கரு நிக்கல, அதுதான் பிரச்சினை. கரு உண்டாகறதுல பிரச்சினை இல்லையேம்மா" என்றார். இரண்டும் வேறு வேறு என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறைதல் தொடர்பான ஆன்டிபாடி, எங்கள் இருவரின் குரோமோசோம், கர்ப்பப்பையின் வடிவம். இவற்றை முதலில் பார் என்றார். ஆன்டிபாடி இருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும்தான் வைத்தியம், அதற்கு ஐ.வி.எஃப். எதற்கு? எந்த டெஸ்ட் எழுதினாலும் "ரிசல்ட் எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?" என்று கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பல டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சோதனைகளில் கர்ப்பப்பையில் ஒரு பாலிப் தெரிந்தது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் இருந்ததால் எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்த மருத்துவமனையில் யாரோ டிஸ்சார்ஜ் சம்மரியில் 'குழந்தையின்மை' என்று எழுதிவிட, கிளெய்ம் 17-இல் விழுந்தது. டாக்டரிடம் ரத்தப்போக்கைக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கி அனுப்பினோம். மறுபடியும் மறுப்பு. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்து, பிறகு சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 42,000 ரூபாய் வந்தது. சம்மரியைக் கையில் வாங்குகிறபோதே ஒருமுறை படித்திருந்தால் ஐந்து மாத அலைச்சல் மிச்சம்.

கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு ஆறு வார விடுப்பு என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்டதாம். முதல் தடவை நான் மூன்று நாள் சிக் லீவ் போட்டு, வயிற்றுவலி என்று எழுதினேன்.

2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், கருமுட்டை தானம் செய்யும் பெண்ணுக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விஷயம். அந்தக் காப்பீட்டை எடுத்துத்தர வேண்டியது, சிகிச்சைக்கு வந்த தம்பதி அல்லது பெண். அவர்களுடைய பாலிசியில் மட்டும் அதே 17.

எனக்கு முப்பத்தாறு வயது. ஆன்டிபாடி இல்லை, குரோமோசோமிலும் குறையில்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பதா, வளையல்களை அடகு வைப்பதா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறோம். போன வாரம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை அல்லவா, அவருக்கு ஒரே சந்தோஷம். "பதினெட்டு பர்சன்ட் போயிடுச்சு, பாத்தியா?"

நான் விலக்குகள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பதினெட்டு அங்கேயேதான் இருந்தது. கட்டிவிடுங்கள் என்றேன்.