நூலக வரி நம்முடையது, புத்தகம் யாருடையது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை உள்ள வட்டாரத்தில் இன்று செய்யாத பொருள் உண்டா? கார் செய்கிறோம், டயர் செய்கிறோம், கைபேசி செய்கிறோம். கப்பலேறி உலகமெல்லாம் போகிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நல்ல தமிழ்க் கதைப் புத்தகம் வேண்டும் என்று இங்கே கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். கைடு எடுத்துக் காட்டுவார்கள், கோடு போட்ட நோட்டு எடுத்துக் காட்டுவார்கள். கதைப் புத்தகமா, பட்டணத்துக்குப் போங்கள் என்பார்கள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஐ.டி.ஐ.க்கு ஆகிற படிப்பைப் படிக்கட்டும், கதை எதற்கு?" என்று உபதேசம் செய்யும் பெரிய மனிதர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் யுவதிகளும் அதை நம்பி வந்தார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. எட்டே வருஷம்! அவர்கள் கற்ற கைவேலையை அடுத்த கதவில் யார் கேட்டார்கள்? ஒரு மிஷினுக்கு மட்டும் பழக்கிய கை, அந்த மிஷின் போனால் வெறுங்கை. யோசிக்கப் பழகிய தலை அப்படிப் போவதில்லை.

தொழிலாளியின் பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்தால் போதும், கேள்வி கேட்கத் தெரிய வேண்டாம் என்பதுதான் இந்த உபதேசத்தின் உட்பொருள். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் வைக்கவும், நிர்வாகத்தின் முன் உட்கார்ந்து கேள்வி கேட்கவும் உரிமை வேண்டும் என்றார்கள். தகப்பன் வீதியில் நின்று கேட்ட உரிமையைப் பிள்ளை வகுப்பறையில் இழக்கலாமா?

எந்தப் புத்தகம்?

கதைப் புத்தகம் என்றால் எல்லாமே நல்லது என்று நாம் சொல்லவில்லை. ராஜா சொன்னதைக் கேட்ட வேலைக்காரன் பிழைத்தான், கேளாதவன் கெட்டான் என்று முடியும் நீதிக்கதைகள் மூட்டை மூட்டையாக உண்டு. அவை முதலாளியின் நோட்டீஸ் பலகைக்குப் பொருத்தம். நமது வீட்டுக்கு வேண்டியவை வேறு. அவை தமிழில் வந்துகொண்டிருக்கின்றன.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் சாகித்ய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. தகாத முறையில் தொடுகிறவனைக் கண்டு ஒரு சிறுமி பயந்து ஒடுங்காமல் வாய் திறந்து சொல்ல ஒரு மரப்பாச்சி பொம்மை துணை நிற்கிறது. தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போக, பக்கத்து வீட்டை நம்பிப் பிள்ளையை விட்டுச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை? பத்து வயதுப் பிள்ளையோடு பெற்றவர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய புத்தகம் இது.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-ல் அதே விருதைப் பெற்றது. இது பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப் போகிறது. கீழடிப் பானை ஓட்டில் கீறியிருப்பவை ராஜாக்களின் மெய்க்கீர்த்திகள் அல்ல. ஆதன் போன்ற பெயர்களைத்தான் அங்கே காண்கிறோம். இதைப் படித்த பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-ல் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோது கல்லாயுதங்கள் கிடைத்தன. கம்பெனிகள் வந்த பிறகுதான் இந்த மண்ணுக்கு வேலை தெரிந்தது என்று யாராவது சொன்னால், நமது பிள்ளை சிரிக்கட்டும்!

யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) ஆகியவையும் அதே விருது பெற்றவை. இவற்றையும் கேட்டு வாங்குங்கள். கேள்வி கேட்டதற்காக அடிபட்ட ஒரு மாணவியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' புதிதல்ல. அதைப் பெரிய பிள்ளைகளும் ஆசிரியர்களும் படிக்க வேண்டும்.

முன்பு சோவியத் நாட்டில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. 1991-க்குப் பின் அந்த வரத்து நின்றது. ஆனால் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' தமிழில் உண்டு. நைட் ஷிப்டு முடிந்து வந்த தகப்பன் தூங்கப் போகுமுன் ஓர் அத்தியாயம் படித்துக் காட்டலாம். தகப்பனுக்கும் ஒரு பிள்ளைப் பருவம் இருந்தது என்று பிள்ளை அறியட்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களின் பிள்ளைகளை மறக்கலாகாது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சிறு பிள்ளைகளுக்கான படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாம் செய்யும் கைபேசி நம் பிள்ளைக்கு இந்த ஓர் உதவியாவது செய்யட்டும்.

பணம் எங்கே?

வாங்கப் பணம் ஏது என்பீர்கள். இருக்கிறது, அதை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்! 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்கிறது. குடிசைக்காரனும் கட்டுகிறான். வாடகைக்கு இருப்பவன் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அது அடங்கியிருக்கிறது. ஊராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். வசூலித்ததைக் கட்டாமல் பாக்கி வைக்கும் உள்ளாட்சிகளைப் பற்றிப் பலமுறை செய்தி வந்திருக்கிறது. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று கிராமத்து விவசாயத் தொழிலாளியைக் கேட்டால் சொல்வார். கம்பெனிக்காரர் தர்மமாகக் கொடுக்கும் நோட்டுப் புத்தகத்துக்குக் கை நீட்டி நிற்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. நமது காசுக்கு நாம் கணக்குக் கேட்கிறோம்.

வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அதில் ஒரு நாள் மே தினம்! அன்று கொடியேற்றிய கையோடு கிராமசபைக்குப் போவோம். மூன்று தீர்மானம் கேட்போம். நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு கட்டப்பட்டது என்று சபையில் படிக்க வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் பிள்ளைகளோடு வர ஏதுவாக, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊர் நூலகம் திறந்திருக்க வேண்டும். மேலே சொன்ன புத்தகங்களை அங்கே வாங்கி வைக்க வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓட்டல் பிரியாணி ஒன்றின் விலைக்கு இவற்றில் ஒன்றை வாங்கிவிடலாம். பத்துக் குடும்பம் கூடி, சம்பள நாளில் குடும்பத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினால், பத்துப் புத்தகம் பத்து வீட்டையும் சுற்றி வரும். சங்க அலுவலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். படிக்கத் தெரிந்த அக்காள், தெரியாத தம்பிக்குப் படித்துக் காட்டட்டும்.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்! பதில் சொல்ல வேண்டியவர்கள் தயாராகட்டும்.