மலைப் பிள்ளைகளின் காயமும் வினாத்தாளில் இல்லாத சாதியும்

2021 டிசம்பர் 15 அன்று, கீழ்ப்பழனி மலையிலுள்ள பாச்சலூரில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் அரசுப் பள்ளியின் அருகே தீக்காயங்களுடன் கிடந்து உயிரிழந்தார். மக்கள் போராட்டத்திற்குப் பின் வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது. குற்றவாளி யார் என்ற கேள்வி அனைவராலும் எழுப்பப்பட்டது. அதே வகுப்பறையில் அமர்ந்திருந்த மற்றப் பிள்ளைகள் அச்சத்தை எங்கே இறக்கி வைத்தார்கள் என்பதோ பேசுபொருளாகவே இல்லை. அவர்கள் விரைவில் வாக்களிக்கும் வயதை எட்டுவார்கள்.

1998 இல் அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு, இளமைக்காலக் கொடுமைகள் கூடக்கூட, வளர்ந்தபின் மனச்சோர்வும் மதுப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் கூடுவதைக் காட்டியது. ஆனால் அது கணக்கிட்ட கொடுமைகள் வீட்டுக்குள் நிகழ்பவை. பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆய்வே நிறவெறியையும் பாதுகாப்பற்ற சுற்றுப்புறத்தையும் அப்பட்டியலில் சேர்த்தது. அங்கே நிறவெறி இடம்பெற்றதெனில், இங்கே சாதி இடம்பெற வேண்டாமா? வீட்டை மட்டும் பார்க்கும் ஆய்வு, குடிக்கும் தந்தையைக் குற்றவாளியாக்கும். தோட்டக் கூலியையும் நிலமின்மையையும் ஊரின் இழிசொல்லையும் காணாமல் கடந்துவிடும்.

தீர்வுகளும் சமவெளியின் அளவுகோலிலேயே வகுக்கப்படுகின்றன. 2023 இல் நாங்குநேரியில் தலித் மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 500க்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பள்ளிகளுக்கு நல அலுவலர் தேவை என்றது. பரிந்துரை வரவேற்கத்தக்கதே. எனினும், சிதறிக்கிடக்கும் குக்கிராமங்களின் சிறிய மலைப் பள்ளிகள் இந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. பளியர் பழங்குடிக் குழந்தையும் தோட்டத் தொழிலாளியின் குழந்தையும் அவ்வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 ஆம் பிரிவில், சாதி, வர்க்கப் பாகுபாடின்றி, சென்றடையத்தக்க தொலைவில் சேவை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. மலையில் தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கன்று. ஒருநாள் கூலியின் இழப்பு.

ஆகவே நாம் கோருவன மூன்று: மாணவர் எண்ணிக்கையைப் பாராமல், மலைப் பள்ளிகளின் தொகுப்புக்கு ஒரு நல அலுவலர், ஒன்றிய அளவில், பயண இழப்பீட்டுடன் கூடிய மனநலச் சேவை, இளைஞர் மனநலக் கணக்கெடுப்புகளில் சாதிய வன்கொடுமை குறித்த கேள்வி. கேட்கப்படாத காயம் ஆறிய காயமாகாது. கல்லூரி மாணவர்கள் தம் ஆய்வேடுகளிலிருந்தே இக்கேள்வியைத் தொடங்கலாம்.