லாஸ்ட்நேம் என்றொரு மாறி

தகவலை இட்டுவைக்கும் பெட்டியை நிரலாளர்கள் மாறி என்போம். அதற்குப் பெயர் வைப்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. இரண்டாம் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒட்டகம்போலத் திமில் வைப்பதா, நடுவில் அடிக்கோடு போடுவதா? மணிக்கணக்கில் வாதாடுவோம். 'லாஸ்ட்நேம்' என்ற பெயரே பொய் சொல்கிறதே, அதை யார் கேட்கிறார்கள்?

எங்களில் பலருக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பாவின் பெயர் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும். அடுத்த தலைமுறைக்கு அந்த எழுத்து வேறு. படிவத்திலோ சிவப்பு நட்சத்திரம்: கட்டாயம் நிரப்பவும். நிரப்பினோம். இப்போது வங்கி எனக்கு எழுதும் கடிதம் அப்பாவை விளிக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தாத்தாவின் பெயர் நிரந்தரக் குடும்பப்பெயராக உறைந்தே போயிற்று.

'உள்ளே இருக்கும் பெயர்தானே, பயனருக்குத் தெரியாது' என்பார்கள். தெரியாமலா? அந்தப் பெயர்தான் தரவுத்தளத்துக்குப் போய், படிவத்தில் கட்டமாகி, கடிதத்தில் விளியாகிறது. பெயரைத் துண்டாக்குவதில் மேற்கத்தியச் சாய்வு உண்டு, ஒரே கட்டம் வைப்பதே நல்லது என்று ஹெச்டிஎம்எல் தரநிலையே சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடுவோம் என்று கிளம்பும் நண்பர்களே, ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை 1999இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே அதற்கு இடம் தந்துவிட்டது. ஆனால் 'குடும்பப்பெயர்' என்று அழகு தமிழில் எழுதி, பக்கத்தில் அதே சிவப்பு நட்சத்திரத்தைக் குத்தினால் யாருக்கு லாபம்? முழுப்பெயருக்கு ஒரு மாறி, எப்படி அழைக்கவேண்டும் என்பதற்கு இன்னொன்று. ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.